நல்லவர்களை உருவாக்குமா எம்.பி.ஏ.?

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிசினஸ் எத்திக்ஸ் எங்களுக்கு ஒரு பேப்பர். பரீட்சைக்கு முந்தின இரவு படித்துவிட்டு எல்லாரும் பாஸாகிவிடுகிறோம். ஐந்தில் வளையாதது இருபத்தைந்தில் வளையப்போகிறதா? பிசினஸ் ஸ்கூல்கள் நேர்மையான மேனேஜர்களை உருவாக்கும் என்று நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா?”

இந்தப் பாடத்தைப் பல வருடங்களாக நடத்துகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் பழமொழியோடு எனக்குச் சண்டை இல்லை. ஏமாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறவனை இரண்டு கிரெடிட் பாடம் திருத்தாது. ஆனால் அப்படி வருகிறவர்கள் மிகக் குறைவு. மிச்சப் பேர் உங்களையும் என்னையும் போலத்தான். பொய் சொன்னால் உறுத்தும், ஒருவருக்கு அடிபட்டால் பதறும். பின்னாளில் தப்பான காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். அது எப்படி நடக்கிறது என்பதில்தான் பிசினஸ் ஸ்கூலுக்கு வேலை இருக்கிறது.

டென்னிஸ் ஜியோயா என்பவரின் கதையை நான் ஒவ்வொரு வருடமும் சொல்வதுண்டு. மாணவப் பருவத்தில் பெரிய கம்பெனிகளின் போக்கைக் கடுமையாக விமர்சித்தவர். எம்.பி.ஏ. முடித்ததும், உள்ளே போய் மாற்றிக் காட்டலாம் என்ற நம்பிக்கையில் 1972இல் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த வருடமே, பழுதுள்ள கார்களைத் திரும்பப் பெறுவதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. எந்த மாடலைத் திரும்பப் பெறலாம் என்று பரிந்துரைக்கும் மேசை அது. கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஆழமாகப் படிக்க நேரம் கிடையாது. அதனால் இரண்டே கேள்விகள்: ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறதா? இன்ன பாகத்தால் வருகிறது என்று கைகாட்ட முடிகிறதா?

ஃபோர்டின் பின்ட்டோ கார், பின்பக்கம் மோதினால் தீப்பிடிக்கிறது என்று ஒன்றிரண்டாகத் தகவல்கள் வந்தன. எண்ணிக்கை குறைவு. குறிப்பிட்ட பாகம் உடைந்துபோகிறது என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் “இல்லை”. இதற்கு நடுவே, எரிந்து கருகிய ஒரு பின்ட்டோவை நிறுவனத்தின் கிடங்கில் அவர் நேரிலேயே பார்த்தார். மனதை உலுக்கிய காட்சி என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். விஷயத்தைக் கூட்டத்தில் எடுத்தும் வைத்தார். கடைசியில் வாக்கெடுப்பு வந்தபோது, திரும்பப் பெற வேண்டாம் என்ற பக்கமே கை தூக்கினார். அந்தக் காலத்தில் அவரே ஓட்டியதும் ஒரு பின்ட்டோதான். பிறகு அதைத் தன் சகோதரிக்கே விற்றார்.

அந்தக் கடைசித் தகவலைச் சொல்லும்போது வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். வேண்டுமென்றே அடுத்தவர் உயிரை அடகு வைக்கும் ஆள், சொந்தச் சகோதரிக்கு அந்தக் காரை விற்பாரா? அவர் மறைக்கவில்லை. அவர் கண்ணுக்கு அது படவே இல்லை. 1975இல் ஃபோர்டிலிருந்து விலகி, மேலாண்மைப் பேராசிரியராகி, அதே பின்ட்டோ கேஸ் ஸ்டடியை மாணவர்களுக்கு நடத்தி, 1992இல்தான் இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார். அந்த வேலை தன் தலைக்குள் ஒரு வாய்ப்பாட்டைப் போட்டுவிட்டது, வாய்ப்பாட்டில் இடமில்லாத எதுவும் பார்வைக்கு வரவில்லை என்பதே அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். ஃபோர்டு 1978இல் ஏறத்தாழ 15 லட்சம் கார்களைத் திரும்பப் பெற்றது.

இங்கே ஒரு இடைச்செருகல். பின்ட்டோ என்றதும் பல பாடப்புத்தகங்கள் ஒரு கணக்கைக் காட்டும்: காருக்கு 11 டாலர் செலவு, மொத்தம் 13.7 கோடி டாலர். எதிர்ப்பக்கம் ஓர் உயிருக்கு 2 லட்சம் டாலர் வீதம் போட்டால் வரும் நன்மை 4.95 கோடி டாலர்தான். ஆகவே ஃபோர்டு உயிர்களைக் கைவிட்டது என்று. அந்தக் கணக்கு ஃபோர்டில் போடப்பட்டது உண்மை. ஆனால் அது கார் உருண்டு கவிழும்போது ஏற்படும் எரிபொருள் கசிவைப் பற்றி, அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்புக்காகப் போட்டது. பின்ட்டோவின் பின்பக்க மோதலைப் பற்றியதே இல்லை. உயிருக்கான அந்த விலையும் அரசு அமைப்பு வைத்திருந்ததுதான். வில்லன் ஒருவன் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தான் என்ற கதை நடத்துவதற்கு வசதி. கேட்கிற மாணவன் ‘நான் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று நிம்மதியாக எழுந்து போய்விடுகிறான். எத்திக்ஸ் பாடம் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் இந்த நிம்மதியைக் கொடுப்பது.

உங்கள் பரீட்சைத் தாளை எடுத்துப் பாருங்கள். “இந்தச் சூழலில் உள்ள அறச் சிக்கல்களை விவரி” என்று இருக்கும். கேள்வியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வேலையில் யாரும் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்கள். எக்செல் தாளில் ஒரு கட்டமாக வரும். “காலாண்டு முடிய மூன்று நாள்தான், இந்த விற்பனையை இந்த மாதக் கணக்கிலேயே காட்டிவிடலாமா?” என்று போகிற போக்கில் கேட்கப்படும். அறத்தைப் பற்றி எழுதிய தத்துவவாதிகள் காண்ட், மில் இருவரையும் கரைத்துக் குடித்திருந்தாலும், இது அவர்கள் சம்பந்தப்பட்ட இடம் என்று அந்த நிமிடத்தில் உறைக்க வேண்டுமே.

படித்தது ஏன் உறைப்பதில்லை என்பதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1973இல் வெளியானது. பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களை, இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரையாற்றச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. போகிற பாதையில் ஓர் ஆள் சுருண்டு இருமிக்கொண்டு கிடக்கும்படி ஏற்பாடு. நேரம் இருக்கிறது, நிதானமாகப் போங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். பேசப்போகிற தலைப்பு சமாரியன் கதையா வேறொன்றா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. மொத்தமே 40 பேர்தான், சின்னச் சோதனை. இருந்தாலும் காலாண்டு இலக்கு துரத்தும் ஓர் அலுவலகத்தில் ஒரு வாரம் இருந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது.

அடுத்து, எனக்கு அதிகம் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். எத்திக்ஸ் பாடம் எத்திக்ஸ் வகுப்பில் மட்டும்தான் நடக்கிறது என்று நினைக்கிறீர்கள். அது தினமும் ஃபைனான்ஸ் வகுப்பிலும் மார்க்கெட்டிங் வகுப்பிலும் நடந்துகொண்டிருக்கிறது, ‘எத்திக்ஸ்’ என்ற பெயர்ப்பலகை மட்டும் கிடையாது. தொழிலாளிக்குப் பெயர் ‘செலவு’. தொழிற்சாலையை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் பெயர் ‘புற விளைவு’. அபராதம் என்பது ‘ரிஸ்க்’, அதையும் நிகழ்தகவால் பெருக்கிவிடலாம். மேனேஜர் கண்காணிக்காவிட்டால் தன் சட்டைப்பையை நிரப்பிக்கொள்கிற ஆள், அவனைக் கட்டிப்போட போனஸும் ஸ்டாக் ஆப்ஷனும் வேண்டும் என்பது ஏஜென்சி தியரி. இரண்டு வருடம் இதைக் கேட்ட பிறகு, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் நான் வந்து மனசாட்சி பற்றிப் பேசினால் எடுபடுமா?

தொடக்கத்தில் இது இப்படி இருக்கவில்லை. 1881இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளியும் 1908இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் தொடங்கியபோது, மருத்துவம், சட்டம் போல நிர்வாகத்தையும் சமூகப் பொறுப்புள்ள ஒரு தொழிலாக ஆக்க வேண்டும் என்ற பேச்சு பலமாக இருந்தது. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னெகி நிறுவனமும் வெளியிட்ட அறிக்கைகள் இந்தப் பள்ளிகளின் தரத்தைக் கிழித்துத் தொங்கவிட்டன. அதில் நியாயமும் இருந்தது. மருந்தாகப் பொருளாதாரமும் புள்ளியியலும் ஏறின. தரம் உயர்ந்தது, தொழில்தர்மம் என்ற பேச்சு ஓரமாகப் போனது. 1970இல் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன், லாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்று எழுதினார். ஏமாற்றும் மோசடியும் இல்லாமல், ஆட்ட விதிகளுக்குள் நின்று, என்ற நிபந்தனையையும் சேர்த்துத்தான் எழுதினார். ஸ்லைடு போடுகிறவர்கள் அந்தப் பாதியை வெட்டிவிடுவார்கள். 1976இல் ஜென்சனும் மெக்லிங்கும் எழுதிய ஏஜென்சி கட்டுரை வந்த பிறகு, பங்குதாரரே முதலாளி, மேனேஜர் அவருடைய கையாள் என்பது பாலபாடமாகவே ஆகிவிட்டது.

லண்டன் பிசினஸ் ஸ்கூலில் இருந்த சுமந்திர கோஷல் இதைத்தான் போட்டு உடைத்தார். அவர் மறைந்த பிறகு 2005இல் வெளியான கட்டுரையில், கணக்கு மோசடியால் திவாலான அமெரிக்க நிறுவனம் என்ரான் போன்ற இன்னொன்றைத் தடுக்க பிசினஸ் ஸ்கூல்கள் புதிதாக நிறையச் செய்ய வேண்டியதில்லை, இப்போது செய்துகொண்டிருப்பதில் பலவற்றை நிறுத்தினால் போதும் என்றார். கோளைப் பற்றித் தப்பான கோட்பாடு சொன்னால் கோள் தன் பாதையை மாற்றிக்கொள்ளாது. மனிதர்களைப் பற்றி அப்படிச் சொன்னால், கேட்கிறவர்கள் அதன்படியே நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் வாதத்தின் உயிர்நாடி அதுதான்.

இதை வெறும் தத்துவச் சண்டை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஓர் ஆய்வு. பொருளியலாளர் டாரன் அசெமோக்லு இருவரோடு சேர்ந்து, அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் பிசினஸ் பட்டம் பெற்றவர் தலைமைக்கு வந்த நிறுவனங்களைப் பார்த்தார். 2022இல் வெளியான முடிவு: 5 ஆண்டுகளுக்குள் ஊழியர் சம்பளம் அமெரிக்காவில் 6 சதவீதமும் டென்மார்க்கில் 3 சதவீதமும் இறங்கியிருந்தது. விற்பனையோ முதலீடோ உற்பத்தித்திறனோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. லாபம் பெருகும்போது அதில் ஊழியருக்கும் பங்கு கொடுக்கும் வழக்கத்தை இவர்கள் விட்டுவிட்டார்கள். இதில் சட்டமீறல் ஏதும் இல்லை. யாரும் ஜெயிலுக்குப் போகப்போவதில்லை. வகுப்பறையில் கற்றது அப்படியே சம்பளச் சீட்டில் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே “பிசினஸ் ஸ்கூல் நெறியைக் கற்பிக்க முடியுமா?” என்ற கேள்வியே எனக்குக் கொஞ்சம் வேடிக்கை. ஏதோ ஒரு நெறியைக் கற்பித்துக்கொண்டேதான் இருக்கிறது.

என்ரான் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜெஃப் ஸ்கில்லிங் ஹார்வர்டு எம்.பி.ஏ., 1979, நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ கெலாக் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. அந்த நிறுவனத்துக்கு 64 பக்க நன்னடத்தைக் கையேடு இருந்தது. அது வெளியானது 2000இல், திவால் மனு 2001 டிசம்பரில். கையேட்டின் கனத்துக்கும் நேர்மைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹைதராபாத் ஐ.டி. நிறுவனமான சத்யத்தின் கதை இன்னும் சங்கடமானது. 2009 ஜனவரியில் அதன் தலைவர், கணக்கில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லாத பணத்தைக் காட்டியதாக ஒப்புக்கொண்டு, புலிமேல் சவாரி செய்த கதையாகிவிட்டது என்று கடிதம் எழுதினார். அதற்குச் சில வாரங்கள் முன்பு வரை அந்த இயக்குநர் குழுவில் ஒரு பெயர்பெற்ற பிசினஸ் ஸ்கூலின் டீனும், கார்ப்பரேட் நிர்வாகத்தில் பெயர்பெற்ற ஒரு ஹார்வர்டு பேராசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். மோசடியில் அவர்களுக்குப் பங்கு இருந்தது என்று நான் சொல்லவில்லை. பாடம் எடுக்கத் தெரிவது வேறு, கூட்டத்தில் ஒரு தாளை எடுத்துவைத்து “இந்த வங்கி இருப்பை யார் நேரில் சரிபார்த்தது?” என்று கேட்பது வேறு. ஏட்டுச் சுரைக்காய்க்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, எதுதான் பலன் தருகிறது? என் அனுபவத்தில் இரண்டு விஷயங்கள்.

ஒன்று, மாணவரைத் தப்பு செய்ய வைப்பது. ஒரு பிரபலமான வகுப்புப் பயிற்சி இருக்கிறது. இனி அதை நடத்தப்போகும் ஆசிரியர்கள் என்னை மன்னிக்கட்டும். நீங்கள் ஒரு கார் பந்தய அணி. இதுவரை 24 பந்தயங்கள், அதில் 7 முறை இன்ஜின் பழுது. இன்றைக்கு ஸ்பான்சர் பார்க்கிறார், ஜெயித்தால் கொழுத்த ஒப்பந்தம், வெளியே கடும் குளிர், 40 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 4 டிகிரி செல்சியஸ்). குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மெக்கானிக் முணுமுணுக்கிறார். பழுதான 7 பந்தயங்களின் வெப்பநிலை மட்டும் தரப்படுகிறது. அதில் ஒரு ஒழுங்கும் தெரியாது. “வேறு ஏதாவது தகவல் வேண்டுமா?” என்று நான் இரண்டு மூன்று தடவை கேட்பேன். பழுதாகாத 17 பந்தயங்களின் வெப்பநிலையை யாரும் கேட்பதில்லை. குழுக் குழுவாகக் கணக்குப் போட்டு, சத்தமாக விவாதித்து, ஓட்டலாம் என்று முடிவு செய்வார்கள். பிறகு 24ஐயும் சேர்த்து வரைபடம் போட்டுக் காட்டுவேன். குளிர் கூடிய பந்தயம் எதுவுமே பழுதில்லாமல் முடிந்ததில்லை. அந்த எண்கள் சேலஞ்சர் விண்கலத்தின் எண்களைத் தழுவியவை என்று கடைசியில் சொல்வேன். 1986 ஜனவரி 28, குளிரில் ஏவிய அந்த விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்த நாள்.

அதற்கு முந்தின இரவு, ராக்கெட் பூஸ்டரைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரைக் காரணம் காட்டி ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் எரிச்சல்பட்டார்கள். நிறுவனத்தின் மேலதிகாரி ஒருவர், பொறியியல் பிரிவுத் தலைவரைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பரிந்துரை மாறியது. இதைச் சொல்லி முடித்ததும், நாம் இங்கே தைத்துக் கொடுப்பது எந்த மாதிரித் தொப்பி என்று கேட்பேன். பதில் வராது. பத்து நிமிடம் முன்பு தாங்களே வண்டியை ஓட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா.

இரண்டாவது, வாய் திறக்கப் பழக்குவது. மேரி ஜென்டில் என்ற பேராசிரியர் உருவாக்கிய முறை ஒன்று இப்போது பல நாடுகளில் நடத்தப்படுகிறது. எது சரி என்று விவாதிப்பதை விட்டுவிடுகிறது. எது சரி என்று உனக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்; அதை யாரிடம், எப்போது, என்ன வார்த்தையில் சொல்வாய் என்பதிலிருந்து தொடங்குகிறது. எதிரே என்ன சாக்கு வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். இது பெரிய தொகை இல்லை. இது உன் வேலை இல்லை. டீமுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடு. நாலே நாலுதான், திரும்பத் திரும்ப இவைதான் வரும்.

முதல் தடவை நடிக்கச் சொன்னால் மாணவர்கள் உளறுவார்கள். ஒரு மாணவி, மேலதிகாரியாக நடித்த என்னைப் பார்த்து, “சார், இது தப்பு சார்” என்று ஆரம்பித்தார். “அப்ப என்னைத் திருடன்னு சொல்றியாம்மா?” என்றேன். முடிந்தது, வாயடைத்து நின்றுவிட்டார். மூன்றாவது தடவை அவரே வேறு மாதிரி வந்தார்: “சார், ஆடிட்டர் இதைத் தேதி வாரியா கேட்டா நான்தான் பதில் சொல்லணும். டெலிவரி சலான் அடுத்த மாசத் தேதியில இருக்கு. இந்த மாசம் கொஞ்சம் குறைவா காட்டிட்டு, ஆர்டர் கையில இருக்குன்னு குறிப்பு எழுதிடலாமா? நானே டிராஃப்ட் பண்ணிக் கொண்டுவரேன்.” மேலதிகாரிக்கு இறங்கிவர ஒரு படிக்கட்டு கிடைத்துவிட்டது. மூன்று தடவைக்கு நடுவில் அவருடைய குணம் ஒன்றும் மாறவில்லை. வார்த்தை பழகியிருந்தது.

இதெல்லாம் எத்திக்ஸ் பாடத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தால் பாதிப் பலன்தான். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு கணக்கு, கார்டு என்று எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்; கேட்காத வாடிக்கையாளர்கள் பெயரிலெல்லாம் ஊழியர்கள் கணக்கு திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 பேர் வேலை போனது. இதை நான் நடத்தினால் ‘பேராசை பற்றிய கேஸ்’ ஆகிவிடும். சேல்ஸ் மேனேஜ்மென்ட் ஆசிரியர் இலக்கு நிர்ணயிக்கும் பாடத்திலேயே நடத்தினால், எட்டு என்ற அந்த எண்ணை எழுதியவரின் கையைப் பார்க்க மாணவருக்கு வழி உண்டு. நாளைக்கு அந்த எண்ணை எழுதப்போவது அவர்தானே.

உறுதிமொழி பற்றியும் கேட்பார்கள். 2009இல் ஹார்வர்டு மாணவர்கள் டாக்டர்களைப் போல ஓர் எம்.பி.ஏ. உறுதிமொழி எழுதினார்கள். நல்ல எண்ணம். ஆனால் தப்பு செய்கிற டாக்டரின் பதிவைப் பறிக்கலாம். எம்.பி.ஏ.வைப் பறிக்க யாரும் இல்லை, அது இல்லாமலும் மேனேஜர் ஆகலாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, கல்லூரியே எப்படி நடந்துகொள்கிறது என்பது. அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூல், ஆன்லைன் எம்.பி.ஏ. தரவரிசையில் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. சேர்ந்தவர்கள் எல்லாருமே ஜிமேட் நுழைவுத்தேர்வு எழுதியதாக அனுப்பிய தகவல் பொய். எழுதியது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். டீன் மீது வழக்கு நடந்து 2022இல் 14 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இது உச்சம். சிறிய அளவில், பிளேஸ்மென்ட் அறிக்கையில் சராசரிச் சம்பளத்தை ஏற்றிக்காட்ட, வேலை கிடைக்காதவர்களைக் கணக்கிலிருந்து நைசாக விலக்குவதை மாணவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த அறிக்கையைத் தயாரிக்கும் கமிட்டியில் அவர்களே இருப்பார்கள். நான் ஒரு செமஸ்டர் முழுக்கப் பேசியதை அந்த ஒரு பக்கம் அழித்துவிடும்.

உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. எத்திக்ஸ் பேப்பரை முந்தின இரவே படித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. அடுத்த வாரம் ஃபைனான்ஸ் வகுப்பில் ஆலை மூடும் கேஸ் ஏதாவது வந்தால், கணக்குப் போட்டு முடித்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தத் தாளில் யாருடைய நஷ்டத்துக்குக் கட்டம் போடவில்லை?” அந்தக் கட்டத்தையும் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். விடை மாறாமலும் போகலாம். அந்த பிளேஸ்மென்ட் கமிட்டியில் நீங்கள் இருந்தால், இந்த வருட அறிக்கை அச்சுக்குப் போகும் முன் யார் யாரை விட்டுவிட்டார்கள் என்று பட்டியலை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.